மயிரிழை

முப்பது வாரத் திட்டத்தை
பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்,
கேஸ் புக் செய்யும் நம்பருக்குக் கீழே.
நீச்சல் மூன்றே முக்கால் கிலோமீட்டர்,
சைக்கிள் நூற்றெண்பது,
அதற்கப்புறம் ஓட்டம், நாற்பத்திரண்டு சொச்சம்.
சிலிண்டர் கொண்டுவந்தவர் நின்று படித்தார்.
"எல்லாம் ஒரே நாள்லயா?"
ஒரே நாள்லதாங்கண்ணா.
"அப்ப சமையல்?"

பாரூர் ஏரி
விடியுமுன் இன்னும் பெரியது.
கரையில் செருப்பு, வண்டிச் சாவி,
அரசு ஆஸ்பத்திரி அடையாள அட்டை.
முதல் வாரம் முனிரத்தினம்
பரிசலை வேகமாய்த் தள்ளிவந்து
துடுப்பை நீட்டினார்.
"புடிச்சுக்கம்மா, எதா இருந்தாலும் பேசிக்கலாம்."
நான் நீந்துகிறேன் என்பதை
நம்ப வைக்க நான்கு நாளாயிற்று.
இப்போது வலையிலிருந்து தலை நிமிராமல்
"இன்னிக்கு எத்தன சுத்து?" என்பதோடு சரி.

ஞாயிறு நாலு மணிக்கு
கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி.
சைக்கிளுக்குக் காசில்லை.
இந்த ஆசையில் இலவசமாய் வந்தது அது ஒன்றுதான்.
தொப்பூர் இறக்கத்தில் லாரிகளின் பிரேக் கருகும்.
என் கைகளும் பிரேக்கைவிட்டு நகராது.
கீழே போய்த் திரும்பி, அதே மலையைப் பார்ப்பேன்:
இப்போதுதானே வந்தாய் என்று
அது கேட்பதுபோல் இருக்கும்.

பதினாலாம் வாரம், காரிமங்கலம் தாண்டி
பசி வந்து அடைத்தது.
வயிற்றில் இல்லை, கண்ணில்.
புளியமரத்தடியில் சைக்கிளோடு சாய்ந்துவிட்டேன்.
கூழ் ஆலைக்குப் போகும் மாங்காய் லாரி,
அதே நிழலில் டயர் மாற்றிக்கொண்டிருந்தது.
டிரைவர் கிளிமூக்கு ஒன்று கொடுத்தார்.
அழுதுகொண்டே தின்றேன்,
சாறு முழங்கைவரை வழிய.
ஏன் என்று கேட்கவில்லை.
இன்னொன்று கொடுத்தார்.

பத்தொன்பதாம் வாரமும் சொல்ல வேண்டும்.
ராயக்கோட்டை சாலை, லேசான தூறல்,
இருபத்தெட்டு கிலோமீட்டர்.
காலையில் தின்ற களி எங்கே போனதோ,
கால் என்னுடையது என்பதே மறந்துபோயிற்று.
ஒரு நாய் கொஞ்ச தூரம் கூட ஓடிவந்து
போதும் என்று நின்றுகொண்டது.
வீட்டுக்கு வந்தும் உட்காரத் தோன்றவில்லை.
நின்றபடியே துணி மடித்தேன்.

இருபத்திரண்டில் கணுக்காலுக்கு மேல்
ஒரு விரல்கடை இடம்.
தொட்டால் மட்டும்.
பிறகு தொடாமலும்.

டியூட்டி முடிந்தபின் நானே படுத்தேன்.
பூங்காவனம், பெண், நாற்பத்தொன்று
என்று தட்டினாள் ஜெபக்கனி.
"மூச்ச இழுத்துப் புடிங்க" என்றாள்.
கால் படத்துக்கு அது தேவையே இல்லை,
வாய்ப்பழக்கம்.
நானும் பிடித்துக்கொண்டேன்.

பதினாறு வருடமாய் அடுத்தவர் எலும்பு.
பைபாஸில் லாரி ஏறியது,
குவாரியில் கல் நசுக்கியது,
மாமரக் கிளையோடு இறங்கியது.
என்னுடையது ஒரு மயிரிழை.
உளி வைக்குமுன் கருங்கல்லில்
சுண்ணாம்பு நூலால் அடிப்பார்களே
அந்தக் கோடு.
டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து
"எட்டு வாரம்" என்றார்.
எண்ணத் தெரியாதவள் மாதிரி
விரல்விட்டு எண்ணினேன்.

பந்தய நாளன்று காலை டியூட்டி.
ஏழு மணிக்கு ஏதோ ஒரு கடலில்
என் எண் இல்லாமல் எல்லோரும் இறங்கியிருப்பார்கள்.
முதல் ஆள் ஒரு பையன்,
கபடியில் விலா.
மூச்ச இழு தம்பி. புடி. விடு.
சாயங்காலம்வரை
முப்பத்தேழு பேருக்குச் சொன்னேன்.

மறு சிலிண்டர் வந்தது.
"முடிஞ்சுதாம்மா அந்த ஓட்டம்?"
இல்லண்ணா. இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன்.
ஒரு நிமிஷம் ஓட்டம், நாலு நிமிஷம் நடை.
"பரவால்ல" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு
காலி சிலிண்டரைத் தோளில் ஏற்றினார்.
லிப்ட் இல்லாத மூன்று மாடி,
ஐம்பத்து நாலு படி.
நிறைந்ததோடு ஏறும்போதும்
அவர் எங்கேயும் நின்றதாய்ச் சத்தமில்லை.